ஆடுதலும் வழிகூறலும்: தமிழ் இலக்கிய மரபில் அருவியும் இன்றைய குற்றாலச் சுற்றுலாவும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கியத்தில் அருவி பெரிதும் ஆடுதற்குரிய இடமாகவே காட்டப்படுகிறது. அங்குச் செல்லும் புதியவர்க்கு மலையை அறிந்த ஒருவர் வழியையும் வளத்தையும் இடரையும் எடுத்துரைப்பது அம்மரபின் மற்றொரு கூறு. குறிஞ்சிப்பாட்டு, மலைபடுகடாம், குறுந்தொகை 361, திருக்குற்றாலக் குறவஞ்சி ஆகியவற்றை முதன்மைச் சான்றாகக் கொள்ளும் இக்கட்டுரை, இன்றைய குற்றாலத்தில் முதற்கூறு நிலைபெற்றிருக்க, இரண்டாவது கூறு நலிந்துள்ளமையை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: அருவி, நீர்வீழ்ச்சி, அருவியாடல், ஆற்றுப்படை, குறவஞ்சி, குற்றாலம், சாரல், சுற்றுலா.

முன்னுரை

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சூன் மாதம் முதல் ஆகஸ்டு வரை தென்காசி மாவட்டத்தின் குற்றாலம் தமிழகத்தின் பெருஞ்சுற்றுலா இடங்களுள் ஒன்றாகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றும், வெயிலுக்கிடையே தூவும் சாரலும், சிற்றாற்றின் நீர்ப்பெருக்கும் ஒருசேர அமையும் இக்காலத்தை மக்கள் 'சீசன்' என்றே வழங்குகின்றனர். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி முதலியன மக்கள் திரளாக நீராடும் இடங்கள். மலைமேல் உள்ள செண்பகாதேவி அருவியும் தேனருவியும் வனத்துறையின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை.

குற்றாலம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தலபுராணம், கோயில் வரலாறு, குறவஞ்சியின் இலக்கிய நயம் என்னும் எல்லைகளுக்குள் நின்றுவிடுகின்றன. அருவிக்கு வரும் மனிதர் அங்கு என்ன செய்கிறார், அவருக்கு அம்மலையைப் பற்றிச் சொல்பவர் யார் என்னும் வினாக்கள் சுற்றுலாத் துறையின் பொருளாகக் கருதப்பட்டு இலக்கிய ஆய்வுக்கு வெளியே விடப்பட்டுள்ளன. ஆற்றுப்படை என்னும் தனி இலக்கிய வகையையே பயணத்திற்கென ஆக்கிக்கொண்ட மொழியில் இவ்விடைவெளி வியப்பளிப்பது.

அருவி, நீர்வீழ்ச்சி என்னும் சொற்கள்

பள்ளிப் பாடநூல்களிலும் சுற்றுலா வழிகாட்டிகளிலும் நாளிதழ்களிலும் பரவலாக வழங்கும் 'நீர்வீழ்ச்சி' என்னும் சொல், ஆங்கிலச் சொல்லின் இரு உறுப்புகளையும் வரிசை மாறாமல் பெயர்த்தமைத்த ஆக்கம். சங்க இலக்கியத்தில் இப்பொருளுக்கு வழங்குவது 'அருவி'. அகப்பொருள் இலக்கண நூலார் குறிஞ்சித் திணையின் நீர்வகைகளாக அருவியையும் சுனையையும் வகுத்துக் கூறுவர்.

'வீழ்தல்' என்னும் வினை அருவிக்குப் புறம்பானது என்று கூறுதல் பொருந்தாது. சங்கப் புலவர்கள் அருவியை இழிதல், வீழ்தல், ஆர்த்தல், கறங்குதல் என்னும் வினைகளோடு சேர்த்தே பாடியுள்ளனர். வேறுபாடு அவற்றை அடைமொழியாக நிறுத்திய முறையில் உள்ளது. வீழ்தலும் ஒலித்தலும் அருவியின் பல செயல்களாக நிற்க, 'நீர்வீழ்ச்சி' அவற்றுள் தொலைவிலிருந்து கண்ணுக்குப் புலப்படும் ஒன்றை மட்டும் எடுத்துப் பெயராக்கிவிட்டது. குற்றாலத்தின் பேச்சுவழக்கு இதை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. 'அருவியில் தண்ணீர் விழுகிறதா' என்று கேட்பவரும் 'அருவிக்குக் குளிக்கப் போகிறோம்' என்பவரும் பழைய சொல்லையே ஆள்கின்றனர். ஆங்கிலம் கலந்து 'மெயின் அருவி' என்று சொல்வோர்கூட 'அருவி'யை விட்டுவிடவில்லை.

சங்க இலக்கியத்தில் அருவியாடல்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களுக்காகப் பெரிதும் பேசப்படுகிறது. அம்மலர்ப்பட்டியலுக்குச் சற்று முன் நிகழ்வது அருவியாடல். தினைப்புனம் காத்த தலைவியும் தோழியும் பகற்பொழுதில் மலையுச்சியிலிருந்து இழியும் அருவியில் அளவின்றி ஆடுகின்றனர். நீரில் நெடிது திளைத்தமையால் கண்கள் சிவக்கின்றன. பின்னப்பட்ட கூந்தலின் ஈரத்தைப் பிழிந்து புலர்த்துகின்றனர். அதன் பின்னரே மலர் கொய்து பாறைமேல் குவிக்கின்றனர். அருவியின் உயரம், அகலம், பெருமிதம் முதலியவற்றைவிட அது உடலில் விட்டுச்செல்லும் அடையாளமே, சிவந்த கண்ணும் ஈரக் கூந்தலுமாக, இங்கு முன்னிற்கிறது. பேரருவியில் நீராடி வெளிவரும் எவரிடமும் இன்றும் காணத்தக்க அடையாளங்கள் இவை.

மலைபடுகடாம் இதே உறவை ஒலிவழி உணர்த்துகிறது. நன்னனின் மலையில் எழும் ஒலிகளைப் பெருங்கௌசிகனார் ஒவ்வொன்றாக அடுக்கிக் கூறுமிடத்து, அருவியில் விளையாடும் வானர மகளிர் நீரைக் குடைந்தாடும் ஓசையும் இடம்பெறுகிறது. கூத்தரின் இசைக்கருவிகள் எழுப்பும் இன்னொலிக்கு அவ்வோசை ஒப்பிடப்படுகிறது. அம்மகளிர் அருவியோடு கொள்ளும் தொடர்பைக் குறிக்கப் புலவர் தெரிந்தெடுத்த வினை 'நுகர்தல்'. நுகர்பொருள், நுகர்வோர் என்னும் இக்கால ஆட்சிகளால் வணிகச் சாயல் பெற்றுவிட்ட இச்சொல், அங்கு ஐம்புலனாலும் துய்த்தலைக் குறித்து நிற்கிறது.

திருமுருகாற்றுப்படையின் இறுதியில் பழமுதிர்சோலையின் அருவி விரிவாகப் பாடப்படுவதும் கருதத்தக்கது. அங்கு மனிதர் எவரும் நீராடவில்லை. ஆயினும் அது அசையாக் காட்சி ஆகவில்லை. தேனிறாலைச் சிதைத்து, பலாச்சுளைகளையும் மலர்களையும் யானைக் கோட்டையும் அகிலையும் அலைத்துக்கொண்டு வரும் நீர், மலையின் உட்பகுதிகளையெல்லாம் கடந்து வந்த செய்தியைச் சுமந்திருக்கிறது.

மலையை அறிந்தவரின் கூற்று

கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெற்ற மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. பரிசில் பெற்று மீண்ட ஒருவன் பரிசில் நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் அமைப்பு ஆற்றுப்படைகள் அனைத்திற்கும் பொதுவெனினும், வழியின் இடர்களை இத்துணை நுணுக்கமாகக் கூறுவது இந்நூலின் தனித்தன்மை. பன்றியைப் பிடிக்க அமைத்த பொறிகள், பாம்பு உறையும் பள்ளங்கள், புனங்காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கற்கள் ஆகியவற்றைப் பற்றி அவன் எச்சரிக்கிறான். நீர்நிலைகளை ஒட்டிய வழுக்கு நிலத்தைக் குறித்த அறிவுரை இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. நுண்ணிய பாசி படர்ந்து அடியைத் தளரச்செய்யும் இடங்களில், வழியை ஒட்டிப் பின்னிவளர்ந்த சிறுமூங்கிலையும் எருவைக் கோலையும் பற்றிக்கொண்டு கடக்குமாறு கூறுகிறான். எது வழுக்கும் என்பதோடு எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் உடன் கூறப்படுகிறது. மலையின் உறுப்புகளைத் தன் கால்களால் அறிந்தவன் மட்டுமே தரக்கூடிய அறிவுரை இது.

அம்மலையில் குறவரும் வழிமயங்குவர் என்றும், இருட்டினால் அகன்ற பாறையில் ஒன்றுகூடித் தம் இசைக்கருவிகளை முழக்குமாறும், அவ்வொலி கேட்டுக் கானவர் வந்து உதவுவர் என்றும் அவன் மேலும் கூறுகிறான். புதியவரின் அறியாமையும் மலைவாழ்நரின் உதவியும் ஒருங்கே எதிர்பார்க்கப்படுகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் இம்மரபு வேறு உருக்கொள்கிறது. குற்றாலநாதரின் உலா கண்டு மையலுற்ற வசந்தவல்லி, குறிசொல்ல வந்த சிங்கியிடம் அவளது மலையின் வளத்தை வினவுகிறாள். சிங்கி கூறும் விடையே தமிழறிந்தோர் பலரும் மனப்பாடமாக வைத்திருக்கும் மலைவளப் பாடல். தேனருவியின் திரை மேலெழுந்து வானத்தின்வழி ஒழுகுவதால் கதிரவனுடைய குதிரைகளின் காலும் தேரின் சக்கரமும் வழுக்குவதாக அவள் கூறும் உயர்வு நவிற்சி பாராட்டப்பெற்ற அளவிற்கு, அதைக் கூறுபவள் யார் என்பது பாராட்டப்பெறவில்லை. தலைநகரத்திலிருந்து வந்து மலைகண்டு வியந்த ஒருவரின் கூற்றாக அப்பாடல் அமையவில்லை. 'எங்கள் மலை' என உரிமையோடு உரைக்கும் குறத்தியே பேசுகிறாள். மேட்டுக்குடித் தலைவி கேட்பவளாக இருக்கிறாள். வழுக்குதலை அவள் நகைச்சுவையாக்குகிறாள் என்றாலும், அதுவும் மலைபடுகடாம் அறிந்த அதே வழுக்குதல்தான்.

இப்பாடலை மலைவாழ்நரின் குரலாகவே கொள்வது மிகை என்னும் மறுப்பு எழக்கூடும். குறத்தியின் கூற்றை எழுதியவர் கோயிலோடு தொடர்புடைய கல்விமான். அந்நூலுக்குப் பரிசாக முத்துவிசயரங்கச் சொக்கநாத நாயக்கர் நிலமளித்ததாகவும் அதுவே குறவஞ்சிமேடு எனப்படுவதாகவும் கூறப்படுகிறது. மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் அக்கல்விமான் மலையைப் பேச முற்படும்போது அக்கூற்றுக்குரிமையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் மலையில் வாழ்பவளிடம் ஒப்படைத்தமை, அக்காலத்தில் எவர் சொல் மலையைப் பற்றி ஏற்புடைத்தாகக் கருதப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

காண மட்டுமே இயலும் அருவிகள்

ஆடுதல் தமிழர்க்கும் காணுதல் மேலைநாட்டார்க்கும் உரியன என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. நீரின் அளவும் பாறையின் அமைப்பும் அவ்வுறவை முதலில் தீர்மானிக்கின்றன. கருநாடகத்தின் சராவதி ஆற்றில் நான்கு கிளைகளாக ஏறத்தாழ 253 மீட்டர் வீழும் சோகு அருவியின் கீழ் எந்நாட்டாரும் நீராட இயலாது. நயாகராவின் குதிரைலாட அருவி உயரத்தில் குற்றாலப் பேரருவிக்கு நெருங்கியதே. ஆனால் அதன் நீர்த்திரள் படகிலிருந்தோ கரையிலிருந்தோ காண்பதற்கு மட்டுமே இடந்தருகிறது.

காண்பதற்குரிய அருவியில் காட்சி விற்பனைக்குரிய பொருளாகிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நயாகராவின் அமெரிக்கக் கரை தனியார் கைகளில் இருந்தது. அருவியைக் காணவே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பிரடெரிக் லா ஓம்ஸ்டெட் முதலியோரின் முயற்சியால் 1885இல் நியூயார்க் மாநிலம் அந்நிலத்தைக் கையகப்படுத்திப் பொதுமக்களுக்குத் திறந்தது. அமெரிக்காவும் கனடாவும் 1950இல் செய்துகொண்ட உடன்படிக்கை இன்னும் ஒரு படி சென்றது. சுற்றுலாக் காலத்தின் பகற்பொழுதில் நொடிக்கு 1,00,000 கன அடி நீரேனும், ஏனைய நேரங்களில் 50,000 கன அடியேனும் அருவியில் வீழவேண்டும் என்றும், எஞ்சியதை மின்னுற்பத்திக்குப் பயன்படுத்தலாம் என்றும் அது வகுத்தது. காண்போர் உறங்கும் நேரத்தில் அருவியைப் பாதியாகக் குறைக்கலாம் என்னும் கணக்கு, அருவியை முற்றிலும் காட்சியாகக் கொண்டதன் விளைவு. சோகிலும் 1964இல் முடிவுற்ற லிங்கனமக்கி அணைக்குப் பின் இயற்கைப் பெருக்கு பருவமழையின் உச்சத்தில்தான் காணக்கிடைக்கிறது.

தாமிரவருணிக் கரையும் இப்பார்வைக்கு விலக்கன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்தியாவில் பயணம் செய்த ஆங்கில ஓவியர்களான தாமஸ் தானியலும் வில்லியம் தானியலும் பாபநாச அருவியை வரைந்தனர். ஓவியம் வரைய ஓரிடத்தில் தொலைவாக நிற்க வேண்டும், நனையக் கூடாது. குற்றாலத்திற்குத் 'தென்னகத்தின் நீராடு நகரம்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பட்டத்தைச் சூட்டிய பிற்காலத்தினர், மருத்துவ நோக்கிலேனும், ஆடுதலை மீண்டும் கண்டுகொண்டனர் எனலாம்.

பேரருவி ஆடுதற்கு இடந்தருவது அதன் பாறையமைப்பினாலாகும். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் நீர் நேரே தரையில் மோதுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் விழுந்து, விசை குன்றி, பொங்கி வழிந்து பாறைச்சரிவின்வழி இறங்குகிறது. குழியொன்றைக் கடலென்று பெயரிட்ட மக்கள், தம் தலைமேல் விழும் நீரைப் பொறுக்கத்தக்கதாக்குவது எது என்பதை அறிந்தே பெயரிட்டிருக்க வேண்டும்.

சாரல் காலக் குற்றாலம்

திருஞானசம்பந்தர் குற்றாலத்தையும் அங்குள்ள குறும்பலாவையும் தனித்தனிப் பதிகங்களால் பாடியுள்ளார். பேரருவியை அடுத்தே குற்றாலநாதர் கோயில் அமைந்திருப்பதால், நீராடலும் வழிபாடும் ஒரே செலவின் இரு பகுதிகளாயின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனோடு இலக்கியமும் சேர்ந்துகொண்டது. இரசிகமணி டி.கே.சி. (1882–1954) குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில் இராசாசி, கல்கி முதலியோர் அவர்தம் விருந்தினராக அங்கு வந்தனர். அருவிக்குளியலும் கம்பனும் ஒரே நாளில் அமைந்த அவ்விருந்தோம்பலில், வந்தவர்க்கு இடத்தை அறிமுகப்படுத்தும் ஒருவர் இருந்தார். குறத்தியின் இடத்தில் இரசிகர் அமர்ந்தாரேனும் வழிகூறும் குரல் அற்றுவிடவில்லை.

இன்று ஒரு நாளைய சாரற்பயணத்தில் வருபவர் வாகன நிறுத்தத்திலிருந்து நேரே அருவிக்கரை சேர்கிறார். ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனி இடங்கள், இரும்புத் தடுப்புகள், நெரிசல் மிகும் நாள்களில் காவலரின் ஒழுங்குபடுத்தல் என்பவற்றிற்கிடையே நீராடுகிறார். இவ்வொழுங்கு தேவையற்றதென எவரும் கூறார். நீர் மிகுந்து பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும்போது குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. அந்நாளில் மட்டும் குற்றாலமும் சோகு போல் ஆகிறது. மக்கள் தொலைவில் நின்று கைப்பேசியில் படமெடுத்துத் திரும்புகின்றனர். குளிக்க வந்து கண்டு மட்டும் திரும்பியவரின் ஏமாற்றம், அருவி அவருக்கு இன்னும் ஆடுமிடமாகவே இருப்பதைக் காட்டுகிறது.

ஆடுதலின் வடிவம் சிதைந்தமைக்கும் சான்றுகள் உள்ளன. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது குற்றாலத்தின் பழைய வழக்கம். குற்றாலநாதருக்கே மூலிகைத் தைலம் சாத்தப்படுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் எண்ணெயும் சவர்க்காரமும் பயன்படுத்தும்போது அவையனைத்தும் சிற்றாற்றின்வழிக் குளங்களுக்கும் வயல்களுக்கும் செல்கின்றன. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவற்றின் பயன்பாட்டைத் தடைசெய்ய நேர்ந்தது. அதே நீதிமன்றக் கிளை, மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகள் உருவாக்கிய செயற்கை அருவிகளுக்கு எதிராகவும் 2022இல் ஆணை பிறப்பித்தது. விடுதியின் எல்லைக்குள் குழாய்வழி வரவழைக்கப்படும் அருவிக்கு மேல்மலை என ஒன்று இல்லை. 'நுகர்தல்' சங்கப் பொருளிலிருந்து இக்காலப் பொருளுக்கு முழுமையாக இடம்பெயர்ந்த இடம் அது.

மேல்மலை மழையும் கீழ்நீரும்

குறுந்தொகை 361ஆம் பாடலில் கபிலர் ஒரு நுண்ணிய நிகழ்வைக் காட்டுகிறார். தலைவனது மலையில் மாலையில் மழை பெய்கிறது. மறுநாட் காலையில் ஆற்றுநீர் அம்மலையின் காந்தளை வேரோடு அடித்துக்கொண்டு வருகிறது. தலைவி அதன் மெல்லிய இலை குழையுமாறு தழுவி எடுத்து, மனைக்குக் கொணர்ந்து நடுகிறாள், அன்னை தடுக்கவில்லை. காதற்பாடலாக நின்று இது பெறும் சிறப்பு ஒருபுறமிருக்க, அதன் அடித்தளமாக ஒரு நிலவியல் அறிவு உள்ளது. கீழே வரும் நீர் மேலே பெய்த மழையின் செய்தி. மிதந்து வரும் பொருள் அச்செய்தியின் எழுத்து. மழைக்கும் பெருக்கிற்கும் இடைப்பட்ட கால இடைவெளியையும் பாடல் அறிந்திருக்கிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் பலர் நீராடிக்கொண்டிருந்தபோது மலைமேல் பெய்த மழையால் திடீர் வெள்ளம் பெருகியது. மக்கள் அலறிக் கரையேறினர். பதின்வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். சாரல் காலம் தொடங்காத கோடை மழை நாள் அது. அருவியின் அடியில் நிற்பவர்க்கு மேல்மலையின் வானம் தெரிவதில்லை. நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் வருதல், ஒலி மாறுதல் ஆகியவை மட்டுமே அவருக்குக் கிடைக்கக்கூடிய முன்னறிவிப்புகள். அவற்றைப் படிக்கக் கற்றிராத ஒருவருக்கு அவை வெறும் குப்பையாகவும் கூடுதல் குதூகலமாகவும் தோன்றக்கூடும்.

அருவியில் நிகழும் இறப்புகளைச் சுற்றுலாப் பயணிகளின் கவனக்குறைவு என்று சுருக்குவது பொது வழக்காகிவிட்டது. மலைபடுகடாமின் நோக்கில் இது பொருந்தாது. புதியவர் அறியார் என்பதை அந்நூல் குற்றமாகக் கருதவில்லை. அறிந்தவர் சொல்ல வேண்டும் என்பதையே தன் இலக்கிய வடிவமாக்கிக்கொண்டது. பாசியையும் பற்றுக்கோட்டையும் ஒரே மூச்சில் கூறிய குரலுக்குப் பதிலாக இன்று நிற்பது, செய்யத் தகாதவற்றைப் பட்டியலிடும் அறிவிப்புப் பலகை. பலகையின் மொழி ஏவல். ஆற்றுப்படையின் மொழி உடன்நடப்பவனின் மொழி.

குற்றாலத்தில் அத்தகைய அறிவு முற்றாக அழிந்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை. தலைமுறை தலைமுறையாக அருவிக்கரையில் கடை நடத்துவோர், கோயில் பணியாளர், வேட்டைத் தடுப்புக் காவலர், தேனெடுப்போர், சிற்றாற்றுப் பாசனத்தில் நீர் பங்கிடும் உழவர் ஆகியோரிடம் நீரின் நிறம், ஒலி, மணம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும், பாறைகளுக்கும் மடுக்களுக்குமான வழக்குப் பெயர்களும் இருக்கும். பொங்குமாங்கடல் என்னும் பெயரைப் படைத்த வழக்கு அவர்களுடையது. தமிழ்த்துறைகள் மேற்கொள்ளும் வட்டாரச் சொல் தொகுப்புகளில் உழவு, மீன்பிடி, நெசவு ஆகியவற்றின் சொற்கள் இடம்பெற்ற அளவிற்கு மலைநீர்ச் சொற்கள் இடம்பெறவில்லை. சாரல் காலத்திற்கு முன்னரே, கோடையில் பாறைகள் வெளித்தெரியும் நாள்களில், இவர்களோடு சிற்றாற்றின் கரைவழி நடந்து அச்சொற்களைத் தொகுக்கும் களப்பணி உடனடியாகத் தொடங்கத்தக்கது.